பழைய மிக்சி

அத்தியாயம் 14

ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள் இருப்பது பெரிய விஷயமில்லை. இரண்டு பேரும் ஒரே காரில் ஏறி ஒரே இடத்துக்கு வேலைக்குப் போய் வருவதுதான் கஷ்டம். வீட்டில் வயிறு எரிந்தால் வேலையிடத்தில் ஆறலாம். வேலையிடத்தில் எரிந்தால் வீட்டில் ஆறலாம். லோகேஸ்வரிக்கு ஆறுவதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

அதுவும் அவளே தேடிக்கொண்டது. பூச்சோங் ஆய்வுக்கூடத்துக்கு டாக்டர் பட்டத்தோடு புதிதாக வந்து சேர்ந்த மலரைப் பார்த்துவிட்டு, "நல்ல பொண்ணா இருக்கு அத்தை, நம்ம பிரவினுக்குக் கேட்டுப் பாப்போமா?" என்று மாமியாரிடம் முதலில் வாயைத் திறந்தவள் லோகாதான். பந்திங்குக்குப் பெண் கேட்கப் போனபோது பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவளும் அவள்தான்.

கல்யாணமாகி எட்டு மாதம். இந்த எட்டு மாதத்தில் மலர், கிள்ளானில் அவர்கள் குடியிருந்த தெரு முழுக்க 'நம்ம டாக்டரம்மா' ஆகிவிட்டாள். பதினொரு வருஷமாக அதே ஆய்வுக்கூடத்தில் உழைக்கும் லோகா இன்னும் 'லேப்ல ஏதோ வேலை' பார்ப்பவளாகவே இருந்தாள்.

போன வாரம் வந்த செய்தி எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது. பறவைக் காய்ச்சல் வைரஸுக்கு மருந்து தேடி அந்த ஆய்வுக்கூடத்தில் இலை, வேர், பட்டை என்று நூற்றுப் பதினேழு சரக்கைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். ஒன்றும் தேறவில்லை. நூற்றுப் பதினெட்டாவதாக மலர் காடுக் இலையைக் கொண்டுவந்தாள். வெற்றிலைக்குத் தங்கச்சி போல வேலியோரத்தில் சும்மா மண்டிக் கிடக்கும் இலை. முதல் சோதனையிலேயே தொண்ணூற்றாறு சதவீதம்! அதே சாற்றை எடுத்து மூன்று முறை செய்தார்கள். மூன்று முறையும் தொண்ணூற்றாறு.

வானொலிக்காரர்கள் வந்து பேட்டி எடுத்தார்கள். பேட்டியில் மலர், "எங்க டீம், எங்க டீம்" என்று நாலு தடவை சொன்னாள். டீமில் இருப்பவர்களுக்குப் பெயர் உண்டு என்று சொல்லவில்லை. லோகா கை விரலால் எண்ணிக்கொண்டே கேட்டாள்.

இன்று புதன்கிழமை. நாளைக் காலை பத்து மணிக்கு நிபுணர் குழு வருகிறது. அவர்கள் தலையாட்டினால் அந்தச் சாறு வெளிநாட்டிலுள்ள ஒரு பெரிய பாதுகாப்புக் கூடத்துக்குப் போகும். அசல் பறவைக் காய்ச்சல் வைரஸோடு அங்கேதான் மோதவிட்டுப் பார்க்க முடியும். இந்த வருஷம் ஒரே ஒரு சரக்குக்குத்தான் இடம்.

குழு வருவதற்கு முன்னாலேயே மலரின் கணவன் பிரவின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மேல்மாடியைப் பதிவு செய்துவிட்டான். இன்று மாலை ஏழு மணிக்கு விருந்து. பந்திங்கிலிருந்து சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள்.

காலையில் லோகா தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது மாமியார் நல்லம்மாள் கைப்பேசியில் யாரிடமோ அளந்துகொண்டிருந்தார்.

"ஆமாலா, என் மருமகதான்! அவ அப்பா பந்திங் பாசார்ல கோழிக்கடை. அப்பா கோழி விக்கிறாரு, மக கோழிக் காய்ச்சலுக்கு மருந்து கண்டுபிடிக்கிறா பாத்தியா! இன்னொரு சங்கதி கேளு. அந்த எலைய எதுல அரைச்சா தெரியுமா? என் மிக்சில! என் பழைய மிக்சிலலா!"

லோகா தோசையைத் திருப்பிப் போட்டாள். கொஞ்சம் பலமாகவே போட்டாள்.

அந்த மிக்சியை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். அதை மட்டும் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. சொல்லாததும் நல்லதுதான். ஏனென்றால் அவள் அதைக் கொடுத்த விதம் அவளுக்கே பிடித்திருக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆய்வுக்கூடத்தில் அரைக்கிற மெஷின் மோட்டார் புகைந்து நின்றுபோனது. புது மோட்டார் வர ஒரு மாதமாகும். காய்ந்த இலையை வைத்துக்கொண்டு மலர் தவித்தாள்.

"அக்கா, நம்ம வீட்டு மிக்சிய ரெண்டு நாளைக்கு எடுத்துட்டுப் போவட்டா?"

அலமாரிக்குள் புது மிக்சி இருந்தது. தீபாவளிக்குக் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் லோகா தானே தேர்ந்தெடுத்து வாங்கியது. மூன்று ஜார். பளபளவென்று பிரித்தது பிரித்தபடி. 'என் கொழுந்தன், என் மாமியார், என் லேப்பு எல்லாம் உனக்கு. என் மிக்சியும் உனக்கா?' என்று மனம் குறுகுறுத்தது. அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, மேல்தட்டில் கிடந்த பழைய மிக்சியை இறக்கினாள். அதோடு இருந்த ஒரே ஜாரையும் எடுத்துக் கொடுத்தாள்.

"புதுசுல மோட்டார் ஏதோ சத்தம் வருதுலா. இத எடுத்துட்டுப் போ."

மலர் அதை நம்பி, தேங்க்ஸ் சொல்லி, பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துப் போனாள்.

காலை முழுக்க ஆய்வுக்கூடத்தில் ஒரே பரபரப்பு. தலைவர் டாக்டர் ரபீக் ஒரு கூட்டத்துக்காக புத்ராஜெயா போயிருந்தார். மலர் மாடியில் நாளைய பேச்சுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். லோகா மட்டும் கீழே, தன் செல் அறையில்.

அந்த அறைதான் அவளுடைய ராஜ்ஜியம். இட்லித் தட்டைப் போலக் குழிக்குழியான பிளாஸ்டிக் தட்டுகளில் உயிருள்ள செல்களை வளர்ப்பாள். அவள் கையால் ஊற்றினால் ஒவ்வொரு குழியிலும் செல் கோலமாவு தூவியதுபோல ஒரே சீராகப் படியும். வேறு யார் ஊற்றினாலும் ஓரத்தில் ஒதுங்கிக் கொள்ளும். இதற்கு எந்த வானொலியும் பேட்டி எடுக்காது.

மலருடைய தொண்ணூற்றாறு வந்தது இங்கேயல்ல. மாடியிலுள்ள வெளிச்ச மெஷினில். வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்து பெருகும். பெருகியவை வெளியே வருவதற்கு அதனிடமே ஒரு கத்திரி உண்டு. கத்திரியை மழுங்க வைத்தால் வைரஸ் வந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். வெளிச்சச் சோதனையில் வைரஸே கிடையாது, அந்தக் கத்திரி மட்டும்தான். அது வெட்டினால் நீல வெளிச்சம் வரும். மருந்து அதைத் தடுத்தால் வெளிச்சம் வராது. காடுக் சாறு போட்ட இடத்திலெல்லாம் வெளிச்சம் அணைந்து கிடந்தது.

ஆனால் கத்திரி வேறு, உயிருள்ள செல் வேறு. சாதாரணச் சளிக்காய்ச்சல் வைரஸை ஏவிவிட்டு, சாறு செல்லைக் காப்பாற்றுகிறதா என்று பார்ப்பது லோகாவின் வேலை. ஊதாச் சாயம் ஊற்றினால் உயிரோடு இருக்கும் செல் நிறம் பிடிக்கும். செத்த இடம் வெள்ளை ஓட்டையாகத் தெரியும். மூன்று நாளாகக் காத்திருந்த தட்டு இன்று தயார்.

பன்னிரண்டரை மணிக்குச் சாயத்தைக் கொட்டிவிட்டு, தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

கடையில் விற்கும் வைரஸ் காய்ச்சல் மருந்து போட்ட வரிசை முழு ஊதாவாக இருந்தது. மருந்தே போடாத வரிசையில் வெள்ளை ஓட்டைகள்.

காடுக் சாறு போட்ட வரிசை. அதிலும் ஓட்டை. ஒன்று இரண்டல்ல, மருந்தே போடாத வரிசையில் எத்தனையோ அத்தனை.

லோகா தட்டைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். சந்தேகமில்லை. ஒரு செல்லைக்கூடக் காப்பாற்றவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நியாயமாகப் பார்த்தால் வருத்தம்தான் வந்திருக்க வேண்டும். பதினொரு வருஷம் தேடியது கையில் கிடைத்து நழுவிப் போகிறதே என்று. வரவில்லை. எட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனதுபோல அப்படி ஒரு சுகம். இன்று மாலை எல்லாரும் இலை முன்னால் உட்காரும்போது தன் பைக்குள் இந்தப் படம் இருக்கும் என்று நினைத்தாள். மாமியாரின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தாள். தட்டை நாலு பக்கமும் படமெடுத்தாள். ஒரு படம் கலங்கிப் போனது, மறுபடி எடுத்தாள்.

பிறகு மேசையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். எவ்வளவு சந்தோஷமானாலும் மேசையைத் துடைக்காமல் அந்த அறையைவிட்டு அவள் வெளியே போனதில்லை.

காடுக் சாறு மிச்சமிருந்த சின்னக் குப்பி ஓரமாகக் கசிந்து இரண்டு சொட்டு மேசையில் விழுந்திருந்தது. பச்சையை எல்லாம் நீக்கிய சாறு, வெளிறின மஞ்சளாக இருக்கும். இலையின் நிறம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். லோகா ஒரு டிஷ்யூவால் ஒற்றி எடுத்தாள். மேசையில் கறை நின்றது. பாத்திரம் கழுவுகிற காரமான சோப்புத் தண்ணீரை அதே டிஷ்யூவில் தெளித்து அழுத்தித் தேய்த்தாள்.

டிஷ்யூ சிவந்தது.

சாதாரணச் சிவப்பல்ல. ஆலத்திச் சிவப்பு. மலர் வலது கால் வைத்து வீட்டுக்குள் நுழைந்தபோது லோகா மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து தட்டில் கரைத்துச் சுற்றினாளே, அந்தச் சிவப்பு.

லோகா டிஷ்யூவை ஓரமாக வைத்தாள். அலமாரியிலிருந்து காரக் கரைசலை எடுத்து, ஒரு சொட்டுச் சாற்றின்மேல் ஒரு சொட்டு விட்டாள். பளிச்சென்று சிவந்தது. எந்தத் தமிழ்ப் பெண்ணும் இதற்கு மெஷின் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. மஞ்சள்!

ஒவ்வொரு வருஷமும் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்கும் நல்லம்மாள், கடை மஞ்சள்தூளைத் தொடமாட்டார். 'என்னத்தக் கலந்திருக்கானோ' என்று காய்ந்த மஞ்சளை வாங்கி, நறுக்கி, வீட்டிலேயே அரைப்பார். பழைய மிக்சியில். அந்த ஒரே ஜாரில். அதற்குப் பெயரே மஞ்சள் ஜார். வேறு எதையும் யாரும் அதில் அரைக்க மாட்டார்கள். அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சமையலறைப் பக்கம் அதிகம் வராத, வந்து எட்டே மாதமான மலருக்கு மட்டும் தெரியாது.

லோகாவுக்குத் தெரியும். அன்றைக்குக் கொடுக்கும்போது நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். புது மிக்சியைக் காப்பாற்றும் அவசரத்தில் கைக்கு வந்ததைத் தூக்கிக் கொடுத்தாள்.

இப்போது எல்லாம் விளங்கியது. மஞ்சள் நீல வெளிச்சத்தை விழுங்கிவிடும். கத்திரி பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளிச்சத்தை மஞ்சள் தின்றிருக்கிறது. மெஷின் ஏமாந்து தொண்ணூற்றாறு சொல்லியிருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்தாள். சுகமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

நாலு மணிக்கு மாடிக்குப் போனாள். தட்டை மட்டும் எடுத்துப் போனாள். சிவந்த டிஷ்யூவைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மலர் தட்டை வாங்கி ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். வரிசை வரிசையாக எண்ணிவிட்டு மேசையில் வைத்தாள்.

"இன்னொரு வாட்டி செஞ்சு பாக்கலாம்னு நீ சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றாள் லோகா.

"எதுக்கு அக்கா? உங்க தட்டு தப்பாவாது."

அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம் என்று லோகாவுக்குத் தோன்றியது.

மலர் மடிக்கணினியைத் திறந்தாள். நாளைய பேச்சின் முதல் பக்கம் திரையில் வந்தது. தலைப்புக்குக் கீழே இரண்டே பெயர்கள், ஒரே அளவு எழுத்தில். மலருடையது ஒன்று. இரண்டாவது, லோகேஸ்வரி தம்புசாமி.

"இது என்னா?"

"டாக்டர் ரபீக்கிட்ட கேட்டு வாங்குனேன் அக்கா. டெக்னிஷியன் பேரு கடைசிப் பக்கத்துல நன்றில போடுறதுதான் வழக்கம்னாரு. ரேடியோலயும் சொல்லாதீங்க, குழு பாத்தப்புறம் சொல்லுங்கன்னாரு. நாளைக்கு எல்லாரு முன்னாலயும் காட்டி உங்களுக்கு சர்ப்ரைஸ் குடுக்கலாம்னு..." மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப பேரு போட்டும் பிரயோஜனமில்ல."

லோகா பைக்குள் கையை விட்டு டிஷ்யூவைக் கசக்கினாள்.

ஐந்தரைக்குக் காரில் கிளம்பினார்கள். மலர் ஓட்டினாள். நெடுஞ்சாலையில் கார்கள் நத்தையாக நகர்ந்தன. மலர் சாலையைப் பார்த்தபடியே தனக்குள் பேசுவதுபோலப் பேசினாள்.

"எங்க தப்புன்னே தெரியலக்கா. வெளிச்சத்துல மூனு வாட்டி வந்துச்சு. எலைய நானே கழுவுனேன், நானே காய வெச்சேன். மிக்சி ஜாரைக்கூட ரெண்டு வாட்டி சோப்பு போட்டுக் கழுவுனேன். அரைச்சப்புறம் ஜார்ல ஒட்டியிருந்த தூளக்கூட விடல. நம்ம வீட்ல சட்னி அரைச்சா ஜார அலசி அந்தத் தண்ணியையும் உள்ளயே ஊத்துவோம்ல? அதே மாதிரி ஆல்கஹால ஊத்தி, மூடியையும் போட்டு நல்லாக் குலுக்கி, அதையும் சாத்துலயே சேத்துட்டேன். ஒரு துளி வீணாக்கல."

லோகா கண்ணை மூடிக்கொண்டாள். மஞ்சள் தண்ணீருக்கு அசையாது, ஆல்கஹாலில் கரைந்து வந்துவிடும். மூடியின் ரப்பருக்குள் எத்தனை வருஷத்து மஞ்சளோ! அத்தனையும் குலுக்கிக் கழுவி உள்ளே ஊற்றியிருக்கிறாள், பந்திங் வீட்டில் அம்மா சொல்லிக் கொடுத்த சிக்கனத்தோடு.

சும்மா இருந்துவிட்டால் என்ன? இலை தோற்றுப்போனது, அவ்வளவுதான். எத்தனையோ இலை தோற்றிருக்கிறது. யாரும் மிக்சியைத் தேடிப் போகமாட்டார்கள். நாளைக்கு மலர் குழுவின் முன்னால் தலைகுனிந்து நிற்பாள். வானொலியில் கேட்டவர்கள் ஒரு வாரம் பேசுவார்கள். வீட்டில் மறுபடி பழைய கணக்கு வந்துவிடும். பெரிய மருமகள், சின்ன மருமகள். எட்டு மாதமாக லோகா வேண்டிக்கொண்டது இதுதானே?

ஆனால் ஒன்று உறுத்தியது. நூற்றுப் பதினேழு சரக்கையும் அவள் கையால்தான் சோதித்தாள். ஒவ்வொன்றும் நேர்மையாகத் தோற்றது. இந்தக் காடுக் இலையை மட்டும் யாரும் இன்னும் சோதிக்கவே இல்லை. சோதித்தது மஞ்சளும் இலையும் கலந்த ஒரு குழம்பை. மஞ்சள் கலந்ததால் இலையின் வேலை கெட்டுப்போயிருக்கவும் கூடும். இலைக்குள் ஏதாவது இருக்கிறதா, இல்லையா, எவருக்கும் தெரியாது. இப்படியே விட்டால் நாளையோடு அது குப்பைக்குப் போகும். அவள் ஒரு மிக்சியை ஒளித்து வைத்ததற்காக.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளைத் தாண்டி, சந்துக்குள் ஒரு இடம் கிடைத்துக் காரை நிறுத்தினாள் மலர். எதிர்ப்பக்கம் வாழையிலைக் கடை. வாசலிலேயே நல்லம்மாள் பட்டுப்புடவையும் கையில் ரோஜா மாலையுமாக நின்றிருந்தார். பக்கத்தில் பிரவின், பந்திங் சம்பந்தி, இன்னும் பத்துப் பேர்.

"நீங்க முன்னால போங்க அக்கா. நான் டாக்டர் ரபீக்குக்கு ஃபோன் போட்டுச் சொல்லிட்டு வரேன். மால போட்டப்புறம் சொன்னா இன்னும் கேவலம்."

மலர் எண்ணை அழுத்தப் போனாள். லோகா அவள் கையைப் பிடித்தாள்.

"மலர், எலை தோக்கல."

"என்னக்கா?"

லோகா கசங்கிய டிஷ்யூவை எடுத்து அவள் மடியில் வைத்தாள். காய்ந்தும் சிவப்பு போகவில்லை. மலர் விஞ்ஞானி, அதற்கு மேல் தமிழ்ப் பெண். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"மஞ்சளா? எப்படி? என் கையில..."

"ஒன் கையில இல்ல. அந்த ஜாருல. அத்தை மஞ்சள் அரைக்கிற ஜார் அது. வீட்ல எல்லாருக்கும் தெரியும். ஒனக்குச் சொல்லல."

மலர் டிஷ்யூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. இலைக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறதே என்ற வெளிச்சம். பிறகு மெதுவாக வேறொன்று வந்தது.

"அக்கா, புது மிக்சில மோட்டார் சத்தம்னு சொன்னீங்கல்ல?"

லோகா குனிந்து சீட் பெல்ட்டைக் கழற்றினாள்.

"போன வாரம் அதுல நான் ஜூஸ் போட்டேன். சத்தமே வரலியே. ஏன் பழசக் குடுத்தீங்க?"

மறதி என்று சொல்லலாம். கை தவறி எடுத்துவிட்டேன் என்று சொல்லலாம். மலர் நம்பியும் விடுவாள், அவளுக்கு நம்புவதுதான் பழக்கம்.

"பொறாமைதாம்மா" என்றாள் லோகா. சொல்லிவிட்ட பிறகுதான் அழுகை வந்தது. "எல்லாத்தையும் நீ எடுத்துக்கிட்டே. மிக்சியாச்சும் என்னுதா இருக்கட்டும்னு ஒளிச்சி வெச்சேன். மத்தியானம் ஒன் சாறு தோத்துப் போனதப் பாத்து சிரிச்சேன். தனியா ஒக்காந்து சிரிச்சேன்."

மலர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். லோகா பக்கம் திரும்பவே இல்லை.

அந்த நேரம் பார்த்து கைப்பேசி அடித்தது. திரையில் டாக்டர் ரபீக்கின் பெயர். மலர் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மலர், நாளைக்கு எல்லாம் ரெடிதானே? லோகேஸ்வரியோட செல் ரிசல்ட் வந்துருச்சா? குழுத் தலைவர் அதத்தான் மொதல்ல கேக்குறாரு."

மலர் கைப்பேசியை அப்படியே லோகாவின் பக்கம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க" என்றாள். 'அக்கா' சேர்க்கவில்லை. இந்த எட்டு மாதத்தில் முதல் தடவை.

எதிர்ப்பக்கத்தில் நல்லம்மாள் காரைப் பார்த்துவிட்டார். மாலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தையும் இழுத்துக்கொண்டு சாலையைக் கடக்க ஆரம்பித்தார்.

லோகா கைப்பேசியை வாங்கினாள்.

"டாக்டர், நான் லோகேஸ்வரி பேசறேன். ரிசல்ட் வந்துருச்சு. அதுக்கு முன்னால, எங்க வீட்டு மிக்சியப் பத்தி ஒன்னு சொல்லணும்."